பதினேழு தகுதிகளும் பொருந்திய இடம்

மலை என்று ஒன்று இருந்தால் அதற்குத் துறை என்று ஒன்று வேண்டும். துறை இல்லாத மலை யாருக்கும் பதில் சொல்லாமல் தன் இஷ்டத்துக்கு நின்றுகொண்டிருக்கும். அது நாட்டுக்கு நல்லதில்லை. ஆகவே மக்களின் நலனை முன்னிட்டும், மலையின் நலனை உத்தேசித்தும், இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு மலையேற்ற முகாமிடங்கள் தேர்வு மற்றும் பராமரிப்புத் துறை தொடங்கப்பட்டது. மூன்றாவது மாடியில் அலுவலகம். சன்னலைத் திறந்தால் மலை பளிச்சென்று தெரியும் என்பதற்காகவே அந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தார்களாம். பிறகு மலை சம்பந்தமான கோப்புகள் பெருகிப்போய், இரும்பு பீரோக்களை அந்தச் சன்னலை அடைத்து நிறுத்த வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் அங்கே மலையைப் பார்க்க வேண்டுமானால் கோப்பைக் கேட்டு வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

இத்தனை வருடத்தில் துறை அங்கீகரித்த முகாமிடங்கள் எத்தனை என்று கேட்கிறீர்களா? ஒன்று. அதுவும் திறப்பு விழா முடிந்த மறுவாரமே மழையில் சரிந்து ஓடைக்குள் போய்விட்டது. அந்த வருட ஆண்டறிக்கையில் "முகாமிடம் ஒன்று தாழ்வான பகுதிக்கு இடமாற்றம் செய்யப்பட்டது" என்று எழுதி, கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்தத் துறையில் ஒரு சர்வேயர் இருந்தார். அவர் சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு ரசமட்டம் இருக்கும். கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும், தளம் சமமாக இருந்தால் நடுவில் வந்து நிற்கும், அதேதான். யார் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் அவர்கள் மேஜைமேல் அதை வைத்துப் பார்த்து, "ஒன்றரை டிகிரி வடக்கே சாயுது" என்று சொல்லி, அவர்களுடைய நிம்மதியைக் கெடுத்துவிட்டுத்தான் வருவார். கல்யாணமான புதிதில் கட்டில்மேல் வைத்துப் பார்த்தார் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஆபீஸில் அவருக்குப் பெயரே ரசமட்டம்தான். மனிதரிடம் ஒரே ஒரு குறை உண்டு. நேரில் போய்ப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். இப்படிப்பட்டவரை அரசாங்க உத்தியோகத்தில் எப்படி விட்டுவைத்தார்கள் என்றால், மலைக்குப் போய்வர யாராவது ஒருத்தர் வேண்டும், மற்றவர்களுக்கு முட்டிவலி.

இந்த நேரம் பார்த்து ஊருக்கு மலையேற்றப் பைத்தியம் பிடித்தது. மலை ஏறுகிற பைத்தியம் இல்லை, மலை ஏறுகிறவர் மாதிரி இருக்கிற பைத்தியம். மருந்துக்கடைக்காரர் இடுப்பில் முப்பது அடிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு இருமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தார். எதிர்வீட்டம்மா ஆணி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போனார். முடிதிருத்தும் கடையில் பனிக்கோடரியை மடியில் வைத்தபடி நாலு பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். துறையின் இயக்குநர் ஒரு படி மேலே போய், தன் அறையின் ஏசியைப் பதினாறில் வைத்து, பனிக்கோட்டு மாட்டிக்கொண்டு, வாயிலிருந்து புகை வருகிறதா என்று அவ்வப்போது ஊதிப் பார்த்துக்கொண்டார். "மலை வெளியில இல்லைய்யா, மனசுல இருக்கு" என்பார். அவர் கோட்டில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

உண்மையிலேயே மலை ஏறுகிற ஒரு கூட்டமும் இருந்தது. மொத்தம் பன்னிரண்டு பேர். தலைவி, ரசமட்டத்தின் மகள். பழைய ஷூ, தைத்த பை, வெயிலில் கறுத்த மூக்கு. பார்த்தால் மலை ஏறுகிறவள் என்று சொல்லவே மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, வர்ற சனிக்கிழமை நாங்க கிளம்பணும். அதுக்கு அடுத்த வாரம் மழை ஆரம்பிச்சுடும், அப்புறம் ஒரு வருஷம் காத்திருக்கணும். அங்கீகாரம் வாங்கின இடத்தைத் தவிர வேற எங்கயும் ராத்திரி தங்கக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல சட்டம் போட்டிருக்கீங்க. அங்கீகாரம் வாங்கின இடம் ஒண்ணுகூட இல்ல. நாங்க என்ன பண்றது?"

"ஒரே நாள்ல ஏறி இறங்கிடுங்களேன்."

"போன வருஷம் அப்படித்தான் அவசர அவசரமா இறங்கி ஒருத்தனுக்குக் கால் ஒடிஞ்சுது. ஆறு மணி நேரம் நான்தான் முதுகுல தூக்கிட்டு வந்தேன். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அன்றைக்கு வாசலில் வந்து நின்ற மகளின் முகத்தை அவர் மறக்கவே இல்லை.

"உங்ககிட்ட நான் எதுவுமே கேட்டதில்லப்பா. ஒரே ஒரு நல்ல இடம். ஒரே ஒரு பேப்பர். வாங்கித் தருவீங்களா மாட்டீங்களா?"

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அவ கேக்கறாள்ல, வாயத் தொறந்து பதில் சொல்லுங்களேன்!"

"தர்றேன்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே பகீரென்றது.

திங்கட்கிழமை விடியலில் கிளம்பினார். மத்தியானம் வரைக்கும் ஏறினார், பாதி மலை வந்தது. அங்கே ஒரு திருப்பத்தைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டார். பாறைவிளிம்பில் ஒரு புல்தரை, பத்துப் பதினைந்து கூடாரம் போடலாம். காற்று வரும் பக்கத்தில் யானை உயரத்துக்கு ஒரு பாறை. மேலே உருளத் தயாராக ஒரு கல் இல்லை, முறிந்து விழ ஒரு பட்டமரம் இல்லை. ஓடை நாற்பது எட்டில். வெள்ளம் வந்தால் உள்ளே வராத தூரம், தண்ணீர் எடுக்கப் போனால் கால் வலிக்காத தூரம். ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நட்டநடுவில் போய் நின்றது. இன்னொரு இடத்தில் வைத்தார், நடு. இன்னும் ஒரு இடம், அங்கேயும் நடு!

மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்து, ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தார். எழுந்தபோதுதான் பக்கத்துக் கிளையில் கோப்பு கட்டுகிற நாடா ஒன்று நீளமாகக் கட்டியிருப்பதைப் பார்த்தார். ஏதோ பறவை கூடு கட்டக் கொண்டுவந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு முனையிலும் முடிச்சுப் போடத் தெரிந்த பறவை.

செவ்வாய்க்கிழமை, வரைபடமும் அறிக்கையுமாக இயக்குநர் அறைக்குள் நுழைந்தார். உள்ளே குளிர் வெடவெடவென்று ஆட்டியது. பக்கத்தில் தலைமை எழுத்தர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தக் கோப்பு வந்தாலும் அடியில் ஒரு பின்குறிப்பு எழுதாமல் விடமாட்டார் என்பதால் அவருக்குப் பின்குறிப்பு என்றே பெயர். அவரும் ஒரு காலத்தில் சர்வேயராக இருந்து மேலே வந்தவர்தான், ஆனால் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

"இடம் அருமையா இருக்கு சார்" என்றார் ரசமட்டம். "கையெழுத்துப் போட்டீங்கன்னா சனிக்கிழமையே என் பொண்ணும் அவ கூட்டாளிங்களும் போய்த் தங்கலாம்."

"பேஷ்!" என்று பேனாவை எடுத்தார் இயக்குநர்.

பின்குறிப்பு தொண்டையைக் கனைத்தார். "சார், நல்ல முகாமிடத்துக்குப் பதினேழு தகுதி இருக்கு. பதினாறு பொருந்துது. பதினேழாவது, இயக்குநர் நேரில் பார்வையிட்டிருத்தல்."

"அதனால என்ன, ஒருநாள் போய்ட்டு வந்துடறேன்."

"ஒருநாள் போக முடியாது சார். சர்வேயர் போனா அது களப்பணி, போன அன்னைக்கே திரும்பிடலாம். இயக்குநர் போனா அது அலுவல்முறைப் பயணம். ஒரு ராத்திரியாவது தங்கியாகணும்னு விதி."

"சரி, தங்கறேன்."

"எங்க சார் தங்குவீங்க? அங்கீகரிக்கப்பட்ட முகாமிடத்துலதானே தங்கணும்?"

இயக்குநர் யோசித்தார். "அதாவது, இடத்தை அங்கீகரிக்கணும்னா நான் போகணும். போனா தங்கணும். தங்கணும்னா இடம் அங்கீகரிச்சிருக்கணும்."

"ரொம்பத் தெளிவா சொன்னீங்க சார்" என்றார் பின்குறிப்பு.

தன் தெளிவு தனக்கே பிடித்துப்போய் இயக்குநர் புன்னகைத்தார். "சார், நீங்க இடத்துக்குப் போக முடியாதுன்னா இடத்தை உங்ககிட்ட கொண்டு வரலாமா? மாதிரி கொண்டு வர்றேன்" என்று ரசமட்டம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். ஆச்சரியம் பாருங்கள், அதற்கு விதி இருந்தது.

புதன்கிழமை அவர் மறுபடியும் மலை ஏறி இறங்கினார். சாயங்காலம் இயக்குநரின் மேஜைமேல் ஒரு மூட்டை மண், ஒரு புல்கட்டு, ஒரு பாட்டில் ஓடைத் தண்ணீர், பாறையிலிருந்து ஒரு சில்லு, பாலித்தீன் பையில் கட்டிய காற்று எல்லாம் வந்து சேர்ந்தன. இயக்குநர் ஒவ்வொன்றாகப் பார்வையிட்டார். காற்றை அவிழ்த்து முகர்ந்தார். "ஒண்ணும் தெரியலையே" என்றார். பின்குறிப்பு மூட்டையைத் தொட்டுப் பார்த்து, "மேடும் பள்ளமுமா இருக்கு. தளம் சமமில்லை" என்று எழுதிக்கொண்டார்.

"யோவ், அது மூட்டைய்யா!" என்று ரசமட்டம் கத்தியே விட்டார்.

"மூட்டைதான் சார் பார்வைக்கு வந்திருக்கு. தரை வரலையே."

இயக்குநருக்கு இரக்கம் வந்துவிட்டது. நல்ல மனுஷன், அதையும் சொல்லத்தான் வேண்டும். "சனிக்கிழமைக்குள்ள பாவம் அந்தப் பொண்ணுக்கு ஒரு இடம் வேணும். பதினேழும் பொருந்தற மாதிரி வேற எங்கயும் இல்லையா? நான் போய்ப் பார்க்கிற தூரத்துல?"

பின்குறிப்பு பட்டியலைக் கையில் எடுத்தார், நாலா பக்கமும் பார்த்தார், பிறகு மெதுவாகச் சொன்னார். "நம்ம ஆவண அறை."

"என்னது?"

"தண்ணி, நாற்பது அடியில கூலர். காத்து, அங்க ஃபேனே ஓடாது. மேலேர்ந்து கல் உருளுமான்னா, போன வருஷம் சீலிங் பூச்சு கொஞ்சம் விழுந்துது, அதைக் கல்லுன்னு சொல்ல முடியாது. விலங்குன்னா எலிதான். ஆபத்தான விலங்குப் பட்டியல்ல எலி இல்ல. நீங்க தினமும் அந்த வழியாத்தான் கை கழுவப் போறீங்க, அதனால பார்வையிட்டதாவும் ஆச்சு."

"எல்லாம் சரி, முகாமிடம் மலையில இருக்க வேண்டாமா?" என்றார் ரசமட்டம்.

"பட்டியல்ல அப்படி ஒண்ணு இல்லையே" என்றார் பின்குறிப்பு. நிஜமாகவே இல்லை. பதினேழையும் எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை. "தவிர, அரசாங்கத்தைப் பொறுத்தவரைக்கும் மலை எங்க இருக்கு? கோப்புல. கோப்பெல்லாம் எங்க இருக்கு? ஆவண அறையில."

இயக்குநர் எழுந்து நின்று பின்குறிப்பின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மிச்சம் இருந்தது ஒரே தகுதி, தளத்தின் சமன். அதற்குச் சர்வேயரின் கையெழுத்து வேண்டும். ரசமட்டம் மாட்டவே மாட்டேன் என்று நின்றார். "போட வேண்டாம் சார், வெச்சு மட்டும் பாருங்க" என்றார்கள். அங்கேதான் மனிதர் மாட்டிக்கொண்டார். ஒரு தரையைக் காட்டி வைத்துப் பார் என்றால் அவரால் வைக்காமல் இருக்க முடியாது. வைத்தார். பாழாய்ப்போன குமிழி ஆடக்கூட இல்லை, நேராகப் போய் நடுவில் நின்றது. அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பார்த்த தரைகளிலேயே அந்த அளவு சமமான தரை கிடையாது. கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. கை தானாகக் கையெழுத்துப் போட்டது.

"நீங்களுமாப்பா?" என்றாள் மகள், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது.

"சமமா இருந்துச்சும்மா."

"பன்னெண்டு பேரும் பாதி மலை ஏறிட்டு, தூங்கறதுக்கு உங்க ஆபீஸுக்கு வந்துட்டு, காலையில மறுபடியும் முதல்லேர்ந்து ஏறணுமா?"

"விதிப்படி பார்த்தா..."

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மனைவி அவர் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது இன்னும் மோசம்.

வியாழக்கிழமை முகாமிடம் திறக்கப்பட்டது. கூட்டமா கூட்டம்! கயிறும் கோடரியுமாக ஊரே படியேறி வந்தது. தரைத்தளத்துக்கு அடிவார முகாம் என்றும் முதல் மாடிக்கு இடைநிலை முகாம் என்றும் பலகை மாட்டினார்கள். இரண்டாவது மாடியில் ஓய்வூதியப் பிரிவு இருந்தது. அந்தப் பக்கம் பனிச்சரிவு அபாயம் என்று எழுதி வைத்ததும் ஓய்வூதியம் கேட்டு வருகிற தொல்லை அடியோடு நின்றுபோய், அந்தப் பிரிவினர் நன்றிக் கடிதம் கொடுத்தனுப்பினார்கள். லிஃப்ட், மீட்புப் பணிக்கு மட்டும். படியின் கைப்பிடியில் கொக்கி மாட்டி, ஒருவர் இடுப்பை ஒருவர் கயிற்றால் கட்டிக்கொண்டு ஏறினார்கள். நடுவில் இருந்த ஒருவருக்குப் போன் வந்து அவர் நின்றுவிட்டதால் பதினெட்டுப் பேர் இரண்டு மணி நேரம் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அதை மலையேற்ற வரலாற்றின் துயரமான அத்தியாயம் என்று இயக்குநர் வர்ணித்தார். மருந்துக்கடைக்காரர் மூன்றாவது மாடித் திருப்பத்தில் "என்னை விட்டுட்டு நீங்க போங்க" என்று உட்கார்ந்துவிட்டார், அவரை லிஃப்டில் மீட்டார்கள். மேலே தெர்மாகோல் உருண்டைகளைக் கொட்டி மேஜைமின்விசிறியை ஓடவிட்டதில் அருமையாகப் பனி பெய்தது. ஏறி முடித்தவர்களுக்கெல்லாம் சான்றிதழ் கொடுத்தார்கள். உயரம் என்ற இடத்தில் "மூன்றாம் மாடி (மொட்டைமாடி நீங்கலாக)" என்று போட்டிருந்தது, எழுதியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மத்தியானம் மனைவி போன் பண்ணினாள். "ஏங்க, எதிர்வீட்டம்மா சிகரத்தைத் தொட்டுட்டு வந்துட்டாங்களாம். போட்டோ காட்டினாங்க. பின்னாடி உங்க பீரோ தெரியுது."

"என்ன சொன்னாங்க?"

"மலைன்னா சும்மா இல்லன்னு சொன்னாங்க. கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவங்களுக்கு."

வெள்ளிக்கிழமை இன்னும் கூட்டம். கூடாரம் போட இடம் போதாமல் பீரோக்களை நகர்த்தினார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு சன்னல் திறந்தது. வெளியே மலை, வெயிலில் பச்சையும் நீலமுமாக, முழுசாக நின்றுகொண்டிருந்தது. ஒரு நொடி எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பிறகு ஒரு அம்மா, "சார், அது போட்டோவுல குறுக்க வருது" என்று புகார் சொன்னார். உடனே மலைப்படம் அச்சடித்த பெரிய திரை ஒன்றைக் கொண்டுவந்து சன்னலை மூடினார்கள்.

பீரோவை நகர்த்தியபோது பின்னாலிருந்து ஒரு கோப்பு விழுந்தது. நாடா இல்லாத கோப்பு. ரசமட்டம் எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தார். அவருடைய புல்தரை! அதே திருப்பம், அதே யானை உயரப் பாறை, அதே ஓடை. இந்தத் துறையில் அவருக்கு முன்னால் ஏழு சர்வேயர்கள் இருந்திருக்கிறார்கள். ஏழு பேரும் அந்த இடத்துக்குப் போயிருக்கிறார்கள், ஏழு பேரும் "உகந்ததல்ல" என்று எழுதியிருக்கிறார்கள். முதலாமவர் எழுதிய காரணம், குளவி. இரண்டாமவர், பாம்பு. அடுத்தவர், எதிரொலி அதிகம். அதற்கடுத்த மூவரும் "மேற்படி காரணங்கள்". ஏழாமவர், கரடி. அதன் அடியில் பொடி எழுத்தில், "பின்குறிப்பு: சனி, ஞாயிறுகளில் மட்டும்."

பொய்! அத்தனையும் பச்சைப் பொய்! ஒரு எறும்புகூடக் கடிக்காத இடத்தில் ஒரு மணி நேரம் தூங்கியவர் அவர். ஏழு சர்வேயர்கள், ஏழு ரசமட்டங்கள், எப்படி இவர்களுக்குக் கை வந்தது என்று அவருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கோப்பைத் தூக்கிக்கொண்டு இயக்குநரைத் தேடிப் போவதற்குள் இயக்குநரே கூடாரங்களைத் தாண்டித் தாண்டி ஓடி வந்தார்.

"உங்களைத்தான்யா தேடினேன்! மேலிடத்துல ஒரே பாராட்டு. நீங்க சொன்னீங்களே, அந்தப் புல்தரை, அதையும் சேர்த்துடலாம்னு சொல்லிட்டாங்க. பதினேழாவது தகுதியைத் தளர்த்தியாச்சு. முதல்ல ரோடு போடறோம். பாறையை வெடி வெச்சுட்டா எழுபது வண்டி நிறுத்தலாம். ஓடைக்குக் குழாய். நானூறு கூடாரம், சிமென்ட்ல, வாட்டமா. பனி மிஷின் ஒண்ணு. நீங்க 'உகந்தது'ன்னு ஒரு வார்த்தை எழுதுங்க, நாளைக்குக் காலையில உங்க பொண்ணுதான் ரிப்பன் வெட்டறா!"

ரசமட்டம் கேட்ட பேப்பர் இதுதான். மகளுக்குக் கொடுத்த வாக்கு இதுதான். பேனாவை வாங்கிக்கொண்டார். எதிரில் மருந்துக்கடைக்காரர் இரண்டாவது தடவையாகச் சிகரத்தை அடைந்து கொடியை ஃபைல் அலமாரியில் செருகிக்கொண்டிருந்தார். எங்கோ பனி மின்விசிறியில் தெர்மாகோல் சிக்கிக் கடகடத்தது. அந்தப் பாறை அவர் கண்ணில் வந்து நின்றது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"உகந்ததல்ல" என்று எழுதினார்.

"என்னய்யா இது! காரணம்?"

வாழ்க்கையில் முதல் பொய். "தேள் சார்."

"எத்தனை?"

"எண்ணி முடிக்கல."

எங்கிருந்தோ பின்குறிப்பு வந்து பக்கத்தில் நின்றார். காகிதத்தைப் பார்த்தார், ரசமட்டத்தைப் பார்த்தார், பேனாவை எடுத்து அடியில் எழுதினார். "பின்குறிப்பு: பூட்ஸுக்குள் புகும் வகை." இயக்குநர் தன் புதிய பூட்ஸைக் குனிந்து பார்த்துவிட்டு ஒரு அடி பின்வாங்கினார். அத்தோடு ரோடும் போயிற்று, சிமென்ட்டும் போயிற்று.

இயக்குநர் போனதும் ரசமட்டம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இடத்தைக் காப்பாத்திட்டேன். பொண்ணு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

பின்குறிப்பு குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணும் பதினோரு பேரும் நாளைக்கு ராத்திரி இந்த ஆவண அறையில தங்கறதா பதிவேட்டுல ஏத்திட்டேன். மலைக்காவலர் பதிவேட்டைத்தான் பார்ப்பாரு. மலையைப் பார்த்து அவருக்குப் பழக்கம் இல்ல. உகந்ததல்லன்னு எழுதின இடத்துக்கு எவனும் சோதனைக்கு வரமாட்டான். போய்ட்டு வாங்க." பிறகு எதற்கோ இருமினார்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். தேள் வரைக்கும் சொன்னார். மகள் முதலில் முறைத்தாள், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க பொய் எழுதினீங்களா? நீங்களா?" என்று அவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். "நீங்களும் எங்ககூட வாங்கப்பா" என்றாள். அந்த ராத்திரி மனிதருக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை மத்தியானம் பதின்மூன்று பேரும் அந்தத் திருப்பத்துக்கு வந்தார்கள். "கண்ணை மூடிக்கங்க எல்லாரும்" என்று ரசமட்டம் முன்னால் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

புல்தரையில் ஏழு கூடாரங்கள். ஏழு மடக்கு நாற்காலிகள். கிளையில் கட்டிய கோப்பு நாடாவில் ஏழு துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. நாற்காலிகளில் ஏழு பேர். ஆறு பேர் ஓய்வு பெற்றவர்கள், ஏழாமவர் கம்பளி இல்லாமல், அரைக்கால் சட்டையில், பின்குறிப்பு.

"வாங்க வாங்க!" என்றார் முதியவர் ஒருவர். "தேள்னு எழுதினது நீங்கதானா? பிரமாதம் போங்க. எங்களுக்கெல்லாம் குளவியைத் தாண்டி யோசனை போகல. நான்தான் குளவி. அவர் பாம்பு. எதிரொலி அந்தா தூங்கறாரு. இவர் கரடி, உங்களுக்கே தெரியும்."

"வாராவாரம் வருவீங்களா?"

"கரடி மாதிரி, சனி ஞாயிறு மட்டும்" என்றார் பின்குறிப்பு, கொஞ்சம் வெட்கத்தோடு.

ரசமட்டம் திரும்பி மகளைப் பார்த்தார். மகள் சிரித்துக்கொண்டே பையை இறக்கினாள். "இடம்தான் நிறைய இருக்கே, நாங்க அந்தப் பாறை ஓரமா போட்டுக்கறோம்."

குளவி கையைத் தூக்கினார். "அங்க முடியாதும்மா. பாறை ஓரம் பணிமூப்புப்படி. ஓடைப்பக்கமும் அப்படித்தான், ஆறாவது ஆள் வரைக்கும். உங்கப்பா எட்டாவது, அவருக்கு இந்த மூலை. மத்தவங்க விருந்தினர். விருந்தினருக்கு ரெண்டு உறுப்பினர் பரிந்துரை வேணும். நாலு மணிக்குக் குழு கூடுது, ஒரு மனு எழுதிக் கொடுத்துடுங்க."

"பின்குறிப்பு: மனு ரெண்டு பிரதி" என்றார் பின்குறிப்பு.

"என்னங்க அநியாயம் இது!" என்று ரசமட்டம் பொங்கினார். "மலையில வந்துமா? நாங்க பதிமூணு பேரு..." என்று ஆரம்பித்தவர் கண் மூலையில் போய் விழுந்தது. "இருங்க. அந்த மூணாவது கூடாரம் சாஞ்சிருக்கே?"

"எங்க சாஞ்சிருக்கு? சமமாத்தான் இருக்கு" என்றார் குளவி.

"ரெண்டு டிகிரி!" பையிலிருந்து ரசமட்டத்தை உருவிக்கொண்டு போய்க் குனிந்தார். ஏழு பேரும் சுற்றி வந்து குனிந்தார்கள். ரெண்டு இல்லை ஒன்றரைதான் என்றார் பாம்பு. எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதற்கு ஒரு முறை வேண்டும் என்றார் எதிரொலி. முதலில் கூடாரங்களுக்கு எண் கொடுங்கள் என்றார் ரசமட்டம். கொடுத்தார்கள். ஒரு நோட்டும் திறந்தார்கள். அரைமணி நேரம் போனதே அவருக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது பன்னிரண்டு பேரும் பைகளை மாட்டிக்கொண்டு பாறைக்கு மேலே போகிற தடத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கம்மா போற?"

"மேல" என்றாள் மகள், திரும்பி நின்று.

"மேல தங்க இடம் இருக்கா என்ன? நீ பார்த்திருக்கியா?"

எட்டுப் பேரும் அவளை அண்ணாந்து பார்த்தார்கள். நாலு பேர் பேனாவின் மூடியைக் கழற்றினார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை முகத்தில்.

"உகந்ததல்லப்பா" என்றாள்.

"காரணம்?"

"தேள்."

"எத்தனை?"

"எண்ணி முடிக்கல." கையை ஆட்டிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரசமட்டம் நோட்டை வாங்கி, மேலே உள்ள இடம் உகந்ததல்ல, காரணம் தேள் என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார். நேரில் போய்ப் பார்க்காமல் அவர் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.